டிராலிக்கு அடியில் ஒரு செங்கல்

அத்தியாயம் 6

பயந்தாங்கொள்ளிகளில் இரண்டு வகை உண்டு. பயம் வந்தால் வாயைத் திறக்காதவர்கள் ஒரு வகை. பயம் வந்தால் வாயை மூடவே முடியாதவர்கள் இன்னொரு வகை. ஸ்டெப்னி இரண்டாம் வகை. சர்வேயரம்மா எங்கே போனாலும் உதிரிச் சக்கரம் போலப் பின்னாலேயே தொங்கிக்கொண்டு போவதால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்து வெகுகாலம் ஆகிறது.

ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி அறையில், இடுப்பிலிருந்து முழங்கால் வரை கட்டுப் போட்டுக் கிடந்த நீச்சல் மாஸ்டரைப் பார்த்ததும் அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்ன மாஸ்டர், தண்ணியில மூழ்காத ஆளு தரையில மூழ்கிட்டீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. கட்டிலருகே நின்ற மாஸ்டரின் அக்கா ஒரு கடிதத்தைச் சர்வேயரம்மாவிடம் நீட்டினாள். சர்வேயரம்மா முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகு அதே கண்ணை எதிர்த்தரப்புக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, கடிதத்தைச் சத்தமாகப் படித்தார்.

"உரிமையாளர் வாகனத்தைக் கடுமையாக ஓட்டியதாலும் ஆயில் அளவைக் கவனிக்கத் தவறியதாலும் எஞ்சின் பழுதடைந்துள்ளது. வாரண்டி பொருந்தாது."

"இந்த ஒரு லெட்டரை வெச்சுக்கிட்டு இன்சூரன்ஸ்காரனும் கையை விரிச்சுட்டான் மேடம்" என்றாள் அக்கா. "ஸ்கூல்ல என்னடான்னா, தாறுமாறா வண்டி ஓட்டற ஆளை நம்பி பசங்களை எப்படி தண்ணியில இறக்கறதுன்னு கேக்கறாங்க."

"நீங்க சொல்லுங்க மாஸ்டர். கடைசியா என்ன பார்த்தீங்க?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தபடி பேசினார். "சர்வீஸ் விட்டு எடுத்து ஒன்பது நாள். ஊருக்குள்ள ஒரு தொந்தரவும் இல்ல. அன்னிக்குத்தான் மொதல் தடவையா பைபாஸ்ல ஏறினேன். நல்லா முறுக்கித்தான் ஓட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். இருபது நிமிஷம் இருக்கும். சிவப்பு விளக்கு ஒண்ணு எரிஞ்சுது. என்னன்னு பார்த்து முடிக்கல, பின் சக்கரம் அப்படியே நின்னுடுச்சு. வண்டி ஓடிட்டிருக்கும்போதே சக்கரம் சுத்தாம நிக்கறது எப்படி இருக்கும் தெரியுமா? யாரோ பின்னாலேர்ந்து சட்டையப் புடிச்சு இழுத்து, அப்புறம் தூக்கி எறிஞ்ச மாதிரி."

சர்வேயரம்மா தலையாட்டினார். இதே மாடலில் இரண்டு மாதத்தில் இது மூன்றாவது வண்டி. முதலாவது ஒரு போட்டோகிராபருடையது, இரண்டாவது ஒரு மருந்துக்கடைக்காரருடையது. மூன்றுமே ஒரே சர்வீஸ் சென்டர், ஒரே பைபாஸ், அதே இருபது நிமிஷம்.

ஸ்டெப்னி வராந்தா பக்கம் நகர்ந்தான். காரணம் இருந்தது. அவனிடமும் அதே மாடல் வண்டிதான். அவனிடம் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. ஓட்டுவதெல்லாம் அவன் மனைவி. அவள் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது லிஃப்ட் நின்று ஆள் மாட்டிக்கொண்டால் அவளுக்குப் போன் வரும். போன் வந்தால் அவள் பறப்பாள். உளவு பார்க்க ஒரு சாக்கு வேண்டும் என்று சர்வேயரம்மா சொன்னதால், நேற்று அந்த வண்டியைத்தான் ஸ்டெப்னி அதே சென்டரில் சர்வீஸுக்கு விட்டிருந்தான். இன்று காலை அவள் அதில்தான் வேலைக்குப் போயிருக்கிறாள்.

வராந்தாவுக்கு வந்து போன் போட்டான்.

"எங்க இருக்கே?"

"ஊருக்குள்ளதான். ஒரு அப்பார்ட்மெண்ட்ல லிஃப்ட் கதவு மூடமாட்டேங்குது."

"உன் வாய் மாதிரியே இருக்கு. பாரும்மா, வண்டிய மெதுவா ஓட்டு. ஆமை ஓவர்டேக் பண்ணினா வழி விடு."

அவள் சிரித்தாள். "கிண்டல் வருதில்ல? அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல. வைங்க போனை."

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவனுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி இன்னும் வராமலே இருந்தது.

*

சர்வீஸ் சென்டரின் வாரண்டி மேனேஜர் சட்டையில் ஒரு சுருக்கம் கூட இல்லை, முகத்திலும் இல்லை. கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மலைத்தொடர் போல ஒரு கோடு ஏறி இறங்கியது.

"மாஸ்டரோட வண்டி. நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம் சுத்து, இருபது நிமிஷம் விடாம. எஞ்சினைக் கொன்னுட்டு எங்ககிட்ட வந்து உயிர் கேட்டா எப்படி?"

"எஞ்சின் தாங்கற எல்லை, அந்தச் சிவப்புக் கோடு எத்தனையில இருக்கு?" என்றார் சர்வேயரம்மா.

"பத்தாயிரத்து ஐநூறு."

"அப்ப கோட்டைத் தாண்டலையே. உங்க விளம்பரத்துல ஒரு பையன் மேகத்துக்குள்ள பறக்கறான். அதைப் பார்த்துத்தானே வாங்கறாங்க? வாங்கினதுக்கு அப்புறம் தள்ளிக்கிட்டுப் போகணுமா?"

"ஆயில் கம்மியா இருந்துச்சு மேடம். கண்டபடி ஓட்டினா ஆயில் எரியும். பார்த்து ஊத்திக்க வேண்டியது அவங்க பொறுப்பு."

"ஒன்பது நாளிலயா எரிஞ்சுது? சர்வீஸ்ல என்ன செஞ்சீங்கன்னு எழுதின ஜாப் கார்டு, மூணு வண்டிக்கும் காட்டுங்க."

மூன்று கார்டுகள் மேஜைக்கு வந்தன. மூன்று வெவ்வேறு மெக்கானிக்குகள், மூன்று வெவ்வேறு தேதிகள். மேனேஜர் வெற்றிப் புன்னகை புரிந்தார். சர்வேயரம்மாவின் விரல் மட்டும் ஒவ்வொரு கார்டின் மேல்மூலையிலும் வட்டமிட்ட ஒரு எண்ணில் நின்றது. மூன்றிலும் 3.

"இது என்ன?"

"பே நம்பர். வண்டிய நிறுத்தி வேலை பார்க்கற இடம். எது காலியோ அதுல ஏத்துவோம். இடத்தையெல்லாம் சந்தேகப்பட்டா நாங்க வாஸ்துக்காரரைத்தான் கூப்பிடணும்." சொல்லிவிட்டு மேனேஜர் ஸ்டெப்னி பக்கம் திரும்பினார். குரலில் சர்க்கரை குறைந்தது. "நேத்து சார் வண்டிய விட்டுட்டு மூணு மணி நேரம் எங்க ஷெட்டையே சுத்திச் சுத்தி வந்தாரே, எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? வண்டி நம்பர் என்கிட்ட இருக்கு. அது இப்ப எந்த ரோட்டுல போகுது, எத்தனை வேகத்துல போகுதுன்னு இந்தச் சீட்டுல உட்கார்ந்தே பார்க்க முடியும். ஞாபகம் வெச்சுக்கங்க."



வெளியே வந்ததும் ஸ்டெப்னி கொட்டினான். "மேடம், என் வண்டியில ஏதோ பண்ணியிருக்கான். மிரட்டறான் பாருங்க. என் வண்டியும் நேத்து மூணாம் நம்பர்லதான் நின்னுச்சு. அது பே இல்ல மேடம், பேய்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். வாய்ல மிரட்டறவன் கையில செய்ய மாட்டான். ஆனா பெருமைக்காக ஒண்ணு உளறினான், அதை நான் முடிச்சுப் போட்டு வெச்சிருக்கேன்." அவர் ஷெட்டின் வாசலிலேயே நின்றுவிட்டார். "நேத்து மூணு மணி நேரத்துல நீ என்னென்ன கிண்டல் பண்ணினே? ஒண்ணு விடாம சொல்லு."

"இப்பவா மேடம்?"

"இப்பவேதான். வித்தியாசமா ஏதாவது கண்ணுல பட்டா உனக்கு வாய் அரிக்கும். எதுக்கு அரிச்சுதுன்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உன் கிண்டல்தான் என் நோட்டுப் புத்தகம்."

ஸ்டெப்னி விரல் விட்டு எண்ணினான். "காபி மெஷின்ல குடிச்சேன். எஞ்சினுக்கு இதை ஊத்தி, அந்த ஆயிலை எனக்குக் கொடுத்திருக்கலாம்னேன்."

"அப்புறம்?"

"டிரம்மிலேர்ந்து பைப் போட்டு ஆயில் அடிச்சான். பெட்ரோல் பங்க் ஆரம்பிச்சுட்டீங்களான்னேன். முன்னாடி ஒரு வண்டிக்கு ஒரு டப்பாவாம், இப்ப சிக்கனமாம். அப்ப எவ்வளவு ஊத்தறீங்கன்னு எப்படித் தெரியும்னேன். எஞ்சினோட வலப்பக்கம் சின்னதா ஒரு கண்ணாடி இருக்கே, அதுல கோடு வரைக்கும் ஆயில் தெரிஞ்சா சரியாம். கண்ணாடி பொய் சொல்லாதுன்னு என் பொண்டாட்டியும் அடிக்கடி சொல்லுவா, அது சொல்றது எனக்குத்தான் பிடிக்காதுன்னேன்."

"அப்புறம்?"

"டூல்ஸ் வைக்கற டிராலி. அதோட சக்கரத்துக்கு அடியில ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தாங்க. ஏன்பா, சம்பளம் பத்தலைன்னு டிராலியும் ஓடிப் போகப் பாக்குதான்னு..."

"எந்த டிராலி?"

"மூணாம் நம்பர்ல இருந்தது."

"மத்த டிராலிக்கெல்லாம் செங்கல் இருந்துச்சா?"

ஸ்டெப்னி யோசித்தான். "இல்ல மேடம்."

சர்வேயரம்மா விறுவிறுவென்று உள்ளே நடந்தார். தலை நரைத்த ஹெட் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே குறுக்கே வந்தார். அவரிடம் ஒரு பேரிங் குண்டு கேட்டு வாங்கி, முதலில் ஒன்றாம் நம்பர் இடத்தில் வைத்தார். அது அசையவில்லை. எடுத்துக்கொண்டு போய் மூன்றில் வைத்தார்.

குண்டு ஒரு கணம் யோசித்தது. பிறகு வலப்பக்கமாக உருள ஆரம்பித்தது. முதலில் மெல்ல, அப்புறம் வேகமாக உருண்டு, சுவரோரக் கால்வாயின் கம்பி வலையில் டங்கென்று முட்டி விழுந்தது. ஷெட்டில் அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அது எல்லோருக்கும் கேட்டது.

"இது என்ன இடம்?" என்றார் சர்வேயரம்மா.

ஹெட் மெக்கானிக் தரையைப் பார்த்தபடி சொன்னார். "முன்னாடி வண்டி கழுவற இடம் மேடம். தண்ணி வடியணும்னு வாட்டம் வெச்சுக் கட்டினது. கூட்டம் தாங்கலைன்னு மூணு மாசம் முன்னாடி நான்தான் சர்வீஸுக்கு மாத்தினேன்."

அங்கே ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு வண்டிக்கு அப்போதுதான் வேலை முடிந்திருந்தது. கண்ணாடியில் ஆயில் கோடு வரைக்கும் பளபளவென்று தெரிந்தது. அதை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்து ஒன்றாம் நம்பரில் நேராக நிமிர்த்திப் பிடித்தார்கள். ஹெட் மெக்கானிக் குனிந்து பார்த்தார். அழுக்குத் துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கண்ணாடியில் ஒன்றுமே இல்லை.

"வண்டி வலப்பக்கம் சாஞ்சு நிக்குது" என்றார் சர்வேயரம்மா மெதுவாக. "ஆயில் வலப்பக்கம் ஒதுங்குது. கண்ணாடியும் வலப்பக்கம். கொஞ்சமா ஊத்தினாலே ஃபுல்னு காட்டும். வீட்டுல சைடு ஸ்டாண்டு போட்டா வண்டி இடப்பக்கம் சாயும், கண்ணாடி எப்பவும் காலியாத்தான் தெரியும். அதனால யாருக்கும் சந்தேகமே வரல. ஊருக்குள்ள மெதுவா ஓட்டினா இருக்கற ஆயில் போதும். பைபாஸ்ல விடாம முறுக்கினா, மேல ஏறின ஆயில் கீழ வர்றதுக்குள்ள பம்பு காத்தைத்தான் உறிஞ்சும். ஆயில் இல்லாத எஞ்சின் சூடாகி இறுகி, சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிடும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டெப்னி போனைக் காதில் வைத்திருந்தான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் ஆபீசுக்குப் போட்டான்.

"அக்காவா? பைபாஸ் தாண்டி அந்த நூல் மில் இருக்கில்ல, அங்க லிஃப்ட் நடுவுல நின்னு ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க. போன் வந்ததும் பறந்துட்டாங்க. அது ஆச்சு, ஒரு இருபது இருபத்தஞ்சு நிமிஷம்."

ஸ்டெப்னியின் கையிலிருந்து போன் தரையில் விழுந்தது. அவனுக்கு அதைக் குனிந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அந்தச் செங்கல் அவன் கண்முன்னே வந்து நின்றது. பார்த்தானே, பார்த்துவிட்டுச் சிரித்தானே. சிரித்துவிட்டு, சாவியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தானே.

"பின்னால போய்ப் பிடிக்க முடியாது" என்றார் சர்வேயரம்மா. "வா."

அவர் ஓடினார். ஐம்பத்தொன்பது வயதில், செருப்பு ஒன்று கழன்று விழ, மேனேஜர் அறைக்குள் ஓடினார்.

"இவன் வண்டி எங்க போகுதுன்னு இங்கிருந்தே பார்க்க முடியும்னீங்களே. காட்டுங்க."

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு விரல்கள் கீழ்ப்படிந்தன. திரையில் வண்டி எண் வந்தது. அதன் பக்கத்தில் எஞ்சினின் சுற்று எண் துடித்தது. 8700. 8900. 8800. அதன் கீழே: பைபாஸ், பதினான்கு நிமிஷம்.

"நிறுத்துங்க சார்" என்றான் ஸ்டெப்னி. "அந்த வண்டிய நிறுத்துங்க."

"இங்கிருந்து நிறுத்த முடியாதுங்க."

"சர்வீஸ் தேதி வந்தா மீட்டர்ல செய்தி வரும்ல?" என்றார் சர்வேயரம்மா. "அது எங்கிருந்து போகுது?"

"இங்கிருந்துதான். ஆனா அது மஞ்சள் செய்தி, ஓட்டறவங்க கண்டுக்க மாட்டாங்க. ஆபத்துன்னா சிவப்புச் செய்தி ஒண்ணு இருக்கு. திரை முழுக்க சிவப்பாகும், பஸ்ஸர் அடிக்கும்." அவர் தயங்கினார். "ஆனா அதுக்குக் காரணம் போடணும். காப்பி ஹெட் ஆபீசுக்குப் போகும்."

திரையில் ஒரு பட்டியல் திறந்தது. மேனேஜரின் விரல் பழக்கத்தில் முதல் வரிக்குப் போனது. உரிமையாளர் கவனக்குறைவு. அழுத்தினார். சிவப்புப் பொத்தான் மங்கி, மஞ்சள் மட்டும் மிஞ்சியது. அந்தக் காரணத்துக்குச் சிவப்பு கிடையாது. இரண்டாவது வரி: சர்வீஸ் பிழை.

பதினாறு நிமிஷம்.

"இதைப் போட்டா நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மேடம்" என்றார் மேனேஜர். நெற்றியில் முதல் முறையாகச் சுருக்கம் விழுந்தது. "மூணு லெட்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். என் வேலை போயிடும்."

சர்வேயரம்மா பேச வாயெடுத்தார். அவருக்கு முன்னால் ஸ்டெப்னி பேசினான். ஏழு வருஷத்தில் அவன் இந்தக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை.

"சார், அவ என் பொண்டாட்டி. நேத்து ராத்திரி டயரெல்லாம் துடைச்சு வெச்சா, சர்வீஸ் விட்டு வந்த வண்டின்னு. உங்களை நம்பித்தான் ஓட்டிட்டிருக்கா. எனக்கு வேற எதுவும் சொல்லத் தெரியல சார்."

வாசலில் ஹெட் மெக்கானிக் நின்றிருந்தார். "சர்வீஸ் பிழைன்னே போடுங்க சார். என் பேரைப் போடுங்க. இடத்தை மாத்தினவன் நான். வாட்டத்தைப் பார்க்காதவனும் நான். உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கறேன், அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு?"

பதினெட்டு நிமிஷம். 9000. 9100.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு முறை தட்டினார். அப்புறம் என்ன தோன்றியதோ, கண்ணைத் திறந்து, பே எண் 3 என்று போட்டு, அதில் ஏறி இறங்கிய முப்பத்தெட்டு வண்டிகளுக்கும் சேர்த்து மறுபடி தட்டினார்.

நான்கு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

9100. 9100. 9000.

பிறகு சட்டென்று பூஜ்யம்.

"நின்னுடுச்சு" என்றார் மேனேஜர், மூச்சு விட்டபடி.

"அவ நிறுத்தினாளா?" என்றான் ஸ்டெப்னி. "இல்ல, அதுவா நின்னுச்சா?"

திரைக்கு அது தெரியாது. மாஸ்டரின் வண்டிக் கோடும் கடைசியில் இப்படித்தான் பூஜ்யத்தில் விழுந்திருந்தது. ஒரு நிமிஷம் போனது. ஹெட் மெக்கானிக் ஷெட் தரையில் கிடந்த அவனுடைய போனை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஸ்டெப்னி அதைத் தொடவில்லை. தொட்டுக் கூப்பிட்டு, அவள் எடுக்காமல் போய்விட்டால் என்ற பயம்தான். இரண்டு நிமிஷம் ஆயிற்று. சர்வேயரம்மா அவன் தோளில் கை வைத்தார்.

போன் அடித்தது.

"என்னங்க, உங்க மிஸ்டு கால் பார்த்தேன். நல்லவேளை ஓரமா நிக்கறேன். மீட்டர் முழுக்கச் சிவப்பாகி கத்துது, 'உடனே நிறுத்தவும்'னு. எஞ்சின்லயும் ஏதோ கரகரன்னு சத்தம், தொட்டா கை வெந்துடும் போல. வண்டிய நேரா நிமிர்த்திப் பார்த்தேன், கண்ணாடியில ஆயிலே இல்ல. நேத்துத்தானே சர்வீஸ் பண்ணினீங்க? மில்லுல ரெண்டு பேர் காத்திருக்காங்க, மெதுவா ஓட்டிட்டுப் போயிடவா?"

"வேண்டாம்" என்றான். "ஆபீசுல சொல்லி வேற ஆளை அனுப்பச் சொல்லு. நீ அங்கேயே நில்லு. நான் வர்றேன்."

சர்வேயரம்மா சத்தமில்லாமல் பிரிண்டரின் பக்கம் போனார். சர்வீஸ் பிழை, பே எண் 3, முப்பத்தெட்டு வண்டிகள் என்று ஒரு தாள் வெளியே வந்துகொண்டிருந்தது. கீழே மேனேஜரின் பெயர். நீச்சல் மாஸ்டருக்கு அது ஒன்றே போதும். மேனேஜர் அதைப் பார்த்தார், தடுக்கவில்லை.

போனில் கொஞ்ச நேரம் லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க" என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்ப ஏன் ஒரு கிண்டல் கூட பண்ண மாட்டேங்கறீங்க?"

அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"என்னங்க, ஏதாவது சொல்லுங்க" என்றாள் அவள். "எனக்கு பயமா இருக்கு."